பாவு நீட்டும் தெருவில் ஒரு மனை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை வைத்துக்கொண்டு நகராட்சிப் பள்ளியில் டீச்சராகக் காலம் தள்ளியதே பெரிய காரியம். ஆனால் அந்த எழுபதுகளில் ஒரு நாள், வீட்டுக்கடன் சங்கத்துச் செயலாளர் எதிரே பெட்டிப் பாம்பாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு வீடு வேண்டும். சேரியில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் பெற்றேன். ஒன்று இருமி இருமியே போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒருவனைச் சுவர் வைத்த வீட்டில் வளர்க்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருக்கோடியில் மனை வாங்கியிருந்தோம். மனையை அடமானமாக எழுதிக்கொண்டு சங்கம் கடன் கொடுக்கும். என்னோடு வேலை பார்த்த டீச்சர்களுக்கெல்லாம் கொடுத்தது. அவர்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். எனக்கு மட்டும் இல்லை என்றார்கள்.

"நாளைக்கு நீங்க பணம் கட்டலன்னா நாங்க ஏலம் வுடணும் இல்ல, டீச்சரம்மா?" என்றார் செயலாளர். "மதிப்பு போட வந்தவரு தெருவுல விசாரிச்சாரு. நீங்க குடி வந்தா அங்க பாவே நீட்ட மாட்டோம்னு சொல்லிக்கினு இருக்கறாங்க. பாவு நீட்டாத தெருவுல மனைக்கு என்னாம்மா வெலை இருக்குது?"

பாவு என்றால் சேலையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். விடிந்ததும் அவற்றைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். நாங்கள் பக்கத்தில் போனால் தீட்டாம். அந்தக் கஞ்சிக்கு நெல் நட்டது யார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"சட்டத்துல அப்படி இருக்குதா சார்?"

"சட்டத்துல சாதியே இல்லியேம்மா. நாங்க வெலையத்தானே சொல்றோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

கடன் தராவிட்டால் போகட்டும், மனைக்கு வேலியாவது போடுவோம் என்று மறுநாள் காலை வீட்டுக்காரரோடு போனேன். ரயில்வேயில் கேட் கீப்பர் அவர். யாரையும் அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனுஷன். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையை இடுக்கிக்கொண்டு சுவரோரமாகத்தான் நடந்தேன். சத்தியமாக ஒரு இழைகூட என்மேல் படவில்லை.

"ஏய்! பாவாண்ட வராத!"

ஒருவன் மூங்கில் கழியை உருவிக்கொண்டு ஓடி வந்தான். என் தலைக்கு வந்த அடியை வீட்டுக்காரர் கையை நீட்டி வாங்கினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு கீழே விழுந்தவரை முதுகிலும் விலாவிலும் உதைத்தார்கள். நான் ஒருவன் காதைக் கடித்துவிட்டேன். வாயெல்லாம் ரத்தம். அந்த அமளியில் அவர்களே பாவின்மேல் விழுந்தார்கள். இழைகள் அறுந்து சேற்றில் கிடந்தன. அடித்தவர்களே தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

போலீசில் புகார் கொடுத்தோம். கேஸ் என்றதும் தெரு பயந்துவிட்டது. செயலாளர் சங்கத்து வாசலுக்கு எங்களையும் அவர்களையும் வரச் சொன்னார்.

"கடன் குடுத்துடறோம்மா. தெருவும் ஒத்துக்கிச்சு. கேஸை வாபஸ் வாங்கிக்குங்க. பாவு அறுந்துச்சு இல்ல, அதுக்கு அவங்க கால்ல ஒரு தபா வுழுந்துடுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! ஆனால் செத்துப்போன பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. குனிந்தேன்.

நெற்றி தரைக்குப் போவதற்குள் யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்காரர்தான். வலது கை கட்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் இழுத்தார்.

"ஏந்திரு. நீ கால்ல வுழுந்து வாங்கற வூட்டுல எம்புள்ள வளர வேணாம்."

எழுந்துவிட்டேன். கடன் வரவில்லை. கேஸையும் வாபஸ் வாங்கவில்லை. அடுத்த வாரமே அந்த மனையில் ஓலைக் குடிசை போட்டோம், நாங்கள் இருவரும், மூன்று கையால்.

குடிவந்த மறுநாள் காலை, பாவு நீட்ட ஆட்கள் வரும் நேரம் பார்த்து, வாசலில் அரிவாள்மனையைப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். தெருவே நின்று பார்த்தது. குடிசையைக் கொளுத்த வருவார்கள் என்றுதான் நினைத்தேன். எவனாவது ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால், கடவுள் சாட்சி, கழுத்தில் இறக்கியிருப்பேன். ஒருவனும் வரவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, பிழைப்பைப் பார்க்க வேண்டுமே, பாவை நீட்ட ஆரம்பித்தார்கள். என் வாசல் வரைக்கும் நீட்டினார்கள்.

உள்ளே பிள்ளை இருமிக்கொண்டிருந்தான்.