அண்ணன் கழற்றிய பூட்ஸ்

வெல்டர் வேலைக்கான டிரேட் டெஸ்ட்டில் எங்களுக்குக் கொடுத்த பூட்ஸ் இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்பக்கம் இரும்பு வைத்தது, முந்தைய ஆளின் வியர்வை காயாதது. அதை மாட்டிக்கொண்டு அண்ணன் சேற்று வயலில் நடப்பவர்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு வருடம் குறுவை போயிருந்தது. சவூதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பட்டுக்கோட்டையிலிருந்து இருவரும் சென்னைக்கு பஸ் ஏறியிருந்தோம். ஒருத்தராவது தேறணும்டா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வேலை தெரிந்தவர் அவர்தான். டிராக்டர் பட்டறையில் பத்து வருடம் நின்றவர். அவர் வெல்டிங் வைத்து ஒட்டிய கலப்பை மறுபடி அந்த இடத்தில் உடையாது. நான் ஐடிஐயில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். என் ஒட்டு பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பூட்ஸ், கையுறை, கண்ணாடி என்று பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்திருந்தேன். அவர் பட்டறையிலோ வெள்ளிக்கிழமைதோறும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். செருப்புக் காலோடு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அண்ணனின் பாதமெல்லாம் பொறி பட்ட தழும்புதான்.

எங்களை அடுத்தடுத்து நிறுத்தினார்கள். மெஷின் முன்னால் வந்ததும் அண்ணன், பழக்கதோஷம், குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடே ஒட்டத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேசினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம். வாயைத் திறக்கவில்லை. சோதிக்க வந்தவர் அண்ணனின் ஒட்டைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தார், பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்.

நான் தேறிவிட்டேன். வெளியே டீக்கடையில் அண்ணன் கேட்டார்.

“நான் கழட்டுனத நீ பாக்கலையாடா?”

“இல்லண்ணே.”

டீக்குக் காசை அவரே கொடுத்தார். பட்டறைக்கே திரும்பிப் போனார்.

இப்போது நான் சவூதியிலேயே ஒரு கம்பெனியில் வெல்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் நெருப்பையே பார்ப்பதில்லை. திரையில் ஒட்டிப் பழகுகிறார்கள், கை நடுங்கினால் கம்ப்யூட்டர் மதிப்பெண் குறைக்கிறது. முதல் பாடமே பாதுகாப்பு. பக்கத்தில் இருப்பவர் தவறினால் சத்தம் போட்டு நிறுத்த வேண்டும், பார்த்தும் பேசாமல் இருந்தவரும் ஃபெயில். தமிழ் ஆட்களுக்கு இதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். அந்த வரியை மட்டும் தாளைப் பார்த்தே படிப்பேன்.

போன வாரம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்.

“பாத்துட்டு யாராவது சும்மா இருப்பாங்களா சார்?”

“இருக்கமாட்டாங்க” என்றேன்.