மலை மேல் பத்திரமாக இருந்த கணக்குப் பாடங்கள்

போன வருடம், பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் காலை. தருமபுரியில் எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் டியூஷன் படிக்கும் மாணவி போன் செய்து, "டீச்சர், உங்க வெப்சைட்டத் தொறந்தா வெறும் வெள்ளையா வருதுங்க" என்றாள். ஈரக்கையோடு கீழே ஓடிவந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அது பெரிய வெப்சைட் ஒன்றும் இல்லை. கணக்கென்றாலே காத தூரம் ஓடும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதி வந்தது. மாங்காய் மண்டியின் எடை, தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியின் வேகம், ஒகேனக்கல் பரிசலின் சுற்றளவு என்று எங்கள் ஊர் சங்கதிகளை வைத்தே ஒவ்வொரு பாடத்தையும் விளக்கியிருப்பேன். படங்களைக் கலர் பென்சிலால் நானே வரைந்து, போட்டோ எடுத்துப் போடுவேன். பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நான் டீச்சராக இருந்தது பாதி அங்கேதான்.

வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த சின்ன நிறுவனத்தைக் கூப்பிட்டேன். சர்வர் பழுதாகிவிட்டதாம், எதையும் மீட்க முடியவில்லையாம். பேசியவர் நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்களிடம் பேக்கப் இருக்கிறதா?" என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் என்னிடம் அதையே கேட்டுவிட்டார். இல்லை என்றேன். பாடங்களை நேராக வெப்சைட்டிலேயே டைப் செய்வதுதான் என் பழக்கம். படம் வரைந்த தாள்கள் பழைய பேப்பரோடு போயிருந்தன. போட்டோக்கள் பழைய போனோடு போயிருந்தன.

பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு அதில் தேடினேன். முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. "கணக்கு கடிக்காது" என்ற தலைப்பு இருந்தது, அதன் கீழே ஒரு பாடமும் இல்லை. பிறகு, யாராவது எதையாவது சேமித்து வைத்திருந்தால் அனுப்புங்கள் என்று என் போன் நம்பரையும் போட்டு வாட்ஸ்அப்பில் கேட்டேன். அந்தச் செய்தி கைமாறிக் கைமாறிப் பரவியது. பிள்ளைகள் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பித் தள்ளினார்கள். ஒருவன் அனுப்பியதில் பாதி வட்டத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் மறைத்திருந்தது. அந்த வருத்தத்திலும் சிரித்துவிட்டேன். ஆனால் எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

அப்போதுதான் அந்த போன் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வத்தல்மலையிலிருந்து ஒரு பெண் குரல்.

"எங்கிட்ட எல்லாப் பாடமும் இருக்குதுங்க டீச்சர்."

அதோடு லைன் கட்டாகிவிட்டது. நான் திருப்பிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவே இல்லை. சாயங்காலம் அவரே மறுபடி பேசினார். அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் எடுக்காதாம், ரோட்டு வளைவு வரைக்கும் நடந்து வந்து பேசுகிறாராம். பூ விற்க தருமபுரிக்கு இறங்கும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, புதிதாக வந்த பாடங்களைப் போனில் சேமித்து வீட்டுக்கு எடுத்துப் போவாராம். அடுத்த வாரம் கீழே வரும்போது தருகிறேன் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே கணவரை வண்டி எடுக்கச் சொல்லி, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வாசலில் முப்பதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தார். படிக்கிற பிள்ளை எங்கே என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார்.

"படிக்கறது நாந்தாங்க."

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்களாம். இப்போது தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறார். மகள் எட்டாவது படிக்கிறாள்.

"அவ பத்தாவது வர்றதுக்குள்ள நான் பாஸாயிறணும்ங்க. இல்லைன்னா எங்க வூட்ல ஒரே புஸ்தகத்துக்கு ரெண்டு பேரும் சண்டை போடணும்."

கேபிள் மாட்டி, போனிலிருந்த பாடங்களை லேப்டாப்புக்கு மாற்றினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாங்காய் இருந்தது, லாரி இருந்தது, பரிசல் இருந்தது. கீழே பிள்ளைகள் கேட்ட சந்தேகங்களும், நான் எழுதிய பதில்களும்கூட அப்படியே இருந்தன.

என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டேன். முக்கோணவியல் மட்டும் மண்டையில் ஏறவில்லை, அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். வாசலுக்கு எதிரே ஒரு சில்வர் ஓக் மரம் நின்றது. அதன் உயரத்தையே கண்டுபிடிப்போம் என்றேன். என் கணவர் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். அந்த அம்மா கோணமானியை மரத்து உச்சிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மண்ணில் குச்சியால் முக்கோணம் போட்டார். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை விடை வந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். பிறகு அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

பரீட்சைக்கு முன்பே வெப்சைட் மறுபடி திறந்தது. ரிசல்ட் வந்த அன்று ரோட்டு வளைவிலிருந்து போன் வந்தது. "பாஸுங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டது, உடனே லைன் போய்விட்டது. எனக்கு அது போதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெப்சைட் முழுவதையும் பிரதி எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றும் தனி ஹார்டு டிஸ்கில் ஒன்றுமாக வைத்துவிடுகிறேன். நான் சும்மா எழுதிப் போட்டதாக நினைத்த ஒன்றை, முகம் தெரியாத ஒருவர் தன் சொத்தாகப் பாதுகாத்து வந்திருக்கிறார். அதை நினைக்கும்போது, என் எழுத்தை நான் பத்திரப்படுத்துவது எனக்காக மட்டும் செய்கிற வேலையாகத் தோன்றுவதில்லை.