சைவ மீன்

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்கட்டில் முழுக்க சிமெண்ட். ஒரு துளசி வைக்கக்கூட மண் கிடையாது. அதனால் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புநீர் நிரப்பி, கடல்பாசிகளை வளர்த்தேன். திராட்சைக் கொத்துபோல ஒரு பச்சை, குங்குமச் சிவப்பில் ஒன்று, புல்போல ஒன்று. ஒரு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட தோட்டம்.

வெறும் செடியைப் பார்த்து என்ன பொழுது போகும், மீன் விடலாம் என்றார் கணவர். மாமியார் ஒரே நிபந்தனை போட்டார்.

"மீன் இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதுக்குத் தீனின்னு நம்மாத்துக்குள்ள மாம்சம் வரப்படாது."

கணவர் கடை கடையாக ஏறி இறங்கி சைவ மீன் தேடினார். "இது பாவமாக்கும் சாரே, ஒண்ணும் செய்யாது, பாசி மாத்ரம் தின்னும்" என்று ஒரு மலையாளக் கடைக்காரர் மஞ்சள் ஒரா மீன் ஒன்றைக் கொடுத்தார். வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டு வந்தார். எனக்கும் அப்போது உறைக்கவில்லை. சைவம் என்றால் சாது என்றே கேட்டு வளர்ந்த காது.

கத்தரித் தோட்டத்தில் ஆட்டை விட்ட கதைதான். வாரம் முடிவதற்குள் திராட்சைக் கொத்தில் காம்பு மட்டும் நின்றது. "என்ன அழகா சாப்பிடறது பாரு" என்றார் கணவர். பாசிக்காக உட்கார்ந்து அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

மீனைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். "செடியத் தொடாத மீன்னா கோமாளி மீன்தான் சேச்சி. பக்ஷே தீனி இறால்பொடியாக்கும்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் நேராகச் சொன்னேன்: சைவ மீன் வந்தால் தோட்டம் போய்விடும், தோட்டம் வேண்டுமென்றால் இறால்பொடி வர வேண்டும்.

"தயிர்சாதம் திங்காதோ?" என்று கேட்டார். பிறகு வெகுநேரம் யோசித்து விதி வகுத்தார். டப்பா வாசலில் செருப்புப் பக்கத்தில் இருக்கும். தனி ஸ்பூன். அவர் பிள்ளை குளிப்பதற்கு முன் போட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. கூடத்தில் ஒரு நாள் வாசனை வந்தாலும் தொட்டி வெளியே போய்விடும்.

கோமாளி மீன் ஜோடியாக வந்தது. பாசி மெல்லத் துளிர்த்தது. நான் பயந்து பயந்துதான் இருந்தேன்.

ஒரு மழைநாளில் ஆபீஸ் வேலையாகப் பொன்முடி போன கணவர், பாதை அடைபட்டு அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் நானும் அவசரத்தில் ஆபீஸுக்கு ஓடிவிட்டேன். மீனுக்கு யாரும் தீனி போடவில்லை என்பது மத்தியானம்தான் நினைவு வந்தது. சாயந்திரம் மாமியார் அசந்த நேரம் பார்த்துப் போட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் கூடத்தில் இருந்தார். அவர் குளிக்கும் வேளையே அல்ல. ஆனால் தலையில் ஈரத்துண்டு. பின்கட்டுத் துவைகல்மேல் அந்த ஸ்பூன் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வாயத் தொறந்து தொறந்து என்னையே பாத்துண்டிருந்தது. என்ன பண்றது?" என்றார். "போறும், அதப் பத்திப் பேசாதே."

அவரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. குளித்து மடியாக இருப்பவரை பஸ்ஸில் வந்த புடவையோடு தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.