சீர்ப்பசுவின் பால் குடித்த மான்குட்டி

1939 அக்டோபர் 28, சனிக்கிழமை, காலை ஆறே கால் மணி, லேசான தூறல். பேரையூர் அருகே என் தோட்டத்து வேலிக்குள் வளர்த்த புள்ளிமான்களை வழக்கம்போல் எண்ணினேன். பத்தொன்பதும் இருந்தன. ஆனால் ஒன்று எழுந்திருக்கவில்லை. நன்றாகத் தின்ற மான்தான். ஆனாலும் ஒரு பக்கத்து விலா எலும்பு பதின்மூன்றையும் எண்ண முடிந்தது.

அது மதியமே இறந்தது. மதுரையிலிருந்து வந்த கால்நடை வைத்தியர் அறுத்துப் பார்த்தார். குடல் தடித்து மடிப்பு மடிப்பாக இருந்தது.

"மாட்டுலயிருந்து தொத்துற கிருமி இது. உள்ளுக்குள்ளயே வருஷக்கணக்கா இருக்கும். மருந்து கிடையாது. இங்க கழிச்சல் மாடு உண்டா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் தோட்டக்கார வீரணன் சொன்னான்: "மருமக சீரா வந்த பசு அம்புட்டும் தின்னுட்டு ஓயாமக் கழியுது. திருப்பி ஓட்டுவோம்னு நாலு வருஷமாச் சொன்னேன். சம்பந்தி மூஞ்சில எப்பிடி முழிக்கிறதுன்னீக. இனி மான் மூஞ்சில எப்பிடி முழிப்பீக?"

மூன்று வருஷத்துக்கு முன் தாயிழந்த ஒரு மான்குட்டிக்கு அந்தப் பசுவின் பாலைப் புகட்டி, மந்தையில் விட்டவன் நானே. அதுதான் வளர்ந்து இப்போது செத்துக் கிடந்தது. அதன் கழிச்சல் பட்ட புல்லைத்தான் மற்றவையும் மேய்ந்திருந்தன. அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொன்றாக மெலிந்து எல்லாமே செத்தன; பசுவும் தப்பவில்லை.

செய்தி கேட்டு வந்த சம்பந்தி, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓட்டிட்டுப் போயிருப்பேனே!" என்றார்.

இப்போது யார் கொடுத்த மாடானாலும் தனியே கட்டி, தினமும் சாணத்தைப் பார்க்கிறேன். தலைகளை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. சம்பந்தி மனம் கோணாமல் காத்ததற்கு எனக்கு ஆன மொத்தம்: ஒரு பசு, பத்தொன்பது மான்.