தார்ப்பாயை எப்போது மூடுவது

பங்குனி மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டால் களத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. இவ்வளவு வெயிலும் சாயங்காலம் என்னவாகித் திரும்பி வரப் போகிறதோ என்று மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இருக்காது. இல்லாத மேகத்துக்குப் பயப்படுகிறவள் என்று என் வீட்டுக்காரர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை.

எங்களுக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் மானாவாரிக் கரிசல். ஐப்பசியில் விதைத்த மிளகாய் மாசியில் நன்றாகப் பழுத்துவிடும். பழத்தைப் பறித்துக் களத்தில் அடித் தார்ப்பாய் விரித்துப் பரப்பி, வத்தலாக்கிக் கோவில்பட்டிக்கு அனுப்புவோம். அதற்கு ஏழெட்டு நாள் நல்ல வெயில் வேண்டும். ஒரு நாள் வெயிலை எங்கள் பக்கம் ஒரு காய்ச்சல் என்போம். 'இன்னும் ரெண்டு காய்ச்சல் போட்டாப் போதும்' என்று யாராவது பேசினால் பயந்துவிட வேண்டாம், மிளகாயைத்தான் சொல்கிறார்கள்.

காய்கிற பழத்தில் மழை விழுந்தால் அழுகும். அதற்குத்தான் மேலே மூட இன்னொரு தார்ப்பாய். ஆனால் அந்தத் தார்ப்பாயே ஒரு வினை. வெயிலில் கொதித்துக் கிடக்கும் பழத்தைச் சூட்டோடு மூடினால், அதிலிருந்து கிளம்புகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேர்க்கும். இட்லிக் கொப்பரைதான். இரண்டு மூன்று தடவை அப்படி வேர்த்தால் போதும், சிவப்பு வெளிறிவிடும். பிறகு எத்தனை வெயிலில் போட்டாலும் திரும்பாது. அதற்குச் சண்டு வத்தல் என்று பெயர். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போடுவார்.

போன வருடம் எங்கள் வத்தலில் பாதியைச் சண்டாக்கியது மழை இல்லை, நான். காய்ச்சல் போட்ட நாட்களில் மழை ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அடிவானத்தில் கொஞ்சம் கருத்தால் போதும், ஓடிப்போய் மூடினேன். வெளுத்ததும் திறந்தேன். மறுபடி மூடினேன். அதனால் இந்த வருடம் பழத்தைப் பரப்பிய முதல் நாளே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, தார்ப்பாயில கை வச்சே, பாத்துக்கோ. எப்ப மூடணும்னு நான் சொல்லுதேன்."

பக்கத்தில் நின்ற மதினி, அதாவது அவருடைய அக்கா, சிரித்தார்கள். "இவள அந்தத் தார்ப்பாயில சுருட்டிக் கட்டிப் போடு தம்பி. களத்துக்கு அதான் காவல்."

மதினி சிரித்தாலும் விஷயம் சிரிப்பில்லை. இந்த வருடம் மதினியின் பழமும் எங்கள் களத்தில்தான் கிடந்தது. கணவரை இழந்து தனியாக வெள்ளாமை பார்க்கிறவர்கள். ஒரு வருடம் முழுக்க உழைத்ததெல்லாம் அந்தக் களத்தின் கிழக்குப் பாதியில் சிவப்பாகக் கிடந்தது. என்னுடைய பழத்தை நான் கெடுத்தால் என்னோடு போகும். இதை எப்படிக் கெடுப்பது?

எட்டாம் வகுப்போடு என்னைத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க அனுப்பிவிட்டார்கள். காற்று ஏன் அடிக்கிறது, மழை ஏன் பெய்கிறது என்றெல்லாம் யோசிக்க அங்கே நேரம் இருக்கவில்லை. இப்போது செல்போனில் வானிலை சொல்கிற தம்பிமார்களைப் பார்த்துத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். போன வருடம் சண்டு விழுந்த பிறகு, ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வெயில் காற்றை நேராகச் சுட வைப்பது கொஞ்சம்தானாம். பெரும்பகுதி காற்றைத் தாண்டி வந்து மண்ணில் விழுகிறது. மண் சுட்டு, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்றைச் சுட வைக்கிறது. முதலில் நான் நம்பவில்லை. மத்தியானம் செருப்பில்லாமல் கரிசலில் நாலு எட்டு வைத்த பிறகு நம்பினேன். கருப்பு மண் வெயிலை அதிகமாகக் குடிக்கும். அதைத் தொட்ட காற்று லேசாகி மேலே கிளம்பும். மேலே போகப் போக விரிந்து குளிரும். அதில் ஈரம் இருந்தால் துளியாக மாறி மேகமாகும். ஆவியாகும்போது வாங்கி வைத்திருந்த சூட்டை, துளியாகும்போது அந்த ஈரம் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சூடு மேகத்தை இன்னும் மேலே தள்ளும். ஆக, வத்தலைக் காய வைக்கிற வெயிலேதான் வத்தலை நனைக்கிற மேகத்தையும் கட்டுகிறது. இது தெரிந்த பிறகு பயம் தெளிந்தது என்று எழுத ஆசைதான். கூடிவிட்டது.

எங்கள் மண்ணில் ஈரம் ஏது? அது கடலிலிருந்து வரும். தரை சுடுகிற வேகத்தில் கடல் சுடாது. மத்தியானம் தரைமேல் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் காற்று உள்ளே நுழையும். என் அக்காவைக் கடலோரக் குளத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. உப்பளத்தில் வேலை. தினமும் மத்தியானம் அவளுக்கு போன் போட்டு ஒரே கேள்விதான் கேட்பேன்.

ஐந்தாவது காய்ச்சலன்றைக்கும் போட்டேன். வீட்டுக்காரர் சாக்கு வாங்கக் கோவில்பட்டிக்குப் போயிருந்தார். களத்தில் நானும் மதினியும் மட்டும்.

"அக்கா, காத்து வந்திட்டா?"

"வந்திட்டுட்டி. இன்னைக்குப் பதினொரு மணிக்கே வந்திட்டு. நல்லா சிலுசிலுன்னு அடிக்குது. நீ சாப்பிட்டியா?"

"மேக்க ஏதும் தெரியுதா?"

"உப்பு வாருறவகிட்ட வந்து வானத்தப் பத்திக் கேக்கியே. எங்களுக்கும் மழை ஆகாதுட்டி. வயித்தெரிச்சலக் கிளப்பாத, போனை வையி."

ஒரு மணிக்குக் காற்று எங்கள் களத்துக்கு வந்தது. கிழக்கேயிருந்து, லேசான பிசுபிசுப்போடு. மேற்கே அதுவரை ஒன்றுமில்லாத இடத்தில் பஞ்சுப் பொதி மாதிரி மூன்று மேகம். அதில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கியே போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலை பொங்கிப் பொங்கி எழும்பியது. இரண்டரைக்கு அதன் அடி கருத்துவிட்டது. எங்கள் களத்தில் மட்டும் வெயில் அப்படியே கொளுத்தியது. பழத்துக்குள் கையை விட்டேன். சுட்டது.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"மேக்க கருக்குதுங்க."

"நான் மேக்கதானே நிக்கேன்? இங்கன சுள்ளுன்னு வெயில் அடிக்கி. ஒரு சொட்டு இல்ல. மூடினேன்னு வையி, வந்து வச்சுக்கிடுதேன்."

போனை வைத்ததும் முதல் இடி கேட்டது. தூரத்தில், யாரோ பீப்பாயை உருட்டுகிற மாதிரி.

அதுவரை என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த மதினியின் முகம் மாறிவிட்டது. எழுந்து நேராகத் தார்ப்பாயிடம் போனார்கள்.

"ஏட்டி, பிடி ஒரு பக்கம்."

"வேண்டாம் மதினி."

"என்னது?"

என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "இப்ப மூடினா வெந்துரும் மதினி. தொட்டுப் பாருங்க, கொதிக்குது. போன வருசம் நான் பண்ணினது இதுதான்."

"நனைஞ்சா? நனைஞ்சா நீ பொறுப்பா? எனக்கு இதை விட்டா வேற என்னட்டி இருக்கு?"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மேகத்திலிருந்து மழை இறங்கும்போது குளிர்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குமாம். அது தரையில் மோதி நாலா பக்கமும் ஓடும். மழைக்கு முன்னால் அந்தக் காற்று வந்து சேரும். கிழக்குக் காற்று நின்று, மேற்கேயிருந்து குளிர்ச்சியாக ஒன்று அடித்தால் மழைக்குப் பத்து நிமிடம் இருக்கும். குறையவும் செய்யலாம். அது வராமலே மேகம் வேறு பக்கம் போய்விட்டால், இன்றைக்கு மூடவே வேண்டாம். எல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். இதுவரை ஒரு தடவைகூட நான் காத்திருந்து பார்த்ததில்லை.

"அள்ளிக் குவிச்சிருவோம் மதினி. மூட மட்டும் வேண்டாம். காத்து திரும்பின உடனே மூடிருவோம்."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு பழம் தள்ளுகிற பலகையை எடுத்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் பழத்தை நடுவில் தள்ளினோம். இரண்டு நீள வரப்பு, மேற்கே எங்களது, கிழக்கே அவர்களது. தார்ப்பாயை ஓரத்தில் விரித்து வைத்து, கல்லையெல்லாம் பக்கத்தில் சேர்த்தோம். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நின்றோம்.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. முகத்தில் கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேகம் சூரியனைப் பிடிக்கவில்லை. மின்னல் பளிச்சிட்டது. இடி கிட்டத்தில் வந்தது. தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி நின்றேன். ஒவ்வொரு இடிக்கும் மதினி என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டினேன், இன்னும் இல்லை என்று. ஒருதரம் மதினி வாய்விட்டே சொன்னார்கள்: "பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். நீ பெரிய கொலைகாரியா இருக்கியே."

கிழக்குக் காற்று நின்றது.

ஒரு செடிகூட ஆடவில்லை. வேர்வை கழுத்தில் அப்படியே நின்றது. மேற்கே உழவுக்காட்டின்மேல் புழுதி சுவர் மாதிரி எழும்பி வருவது தெரிந்தது. அடுத்த நிமிடம், ஈர மண் வாசனையோடு சில்லென்று ஒரு காற்று என்மேல் மோதியது.

"இப்ப மதினி! இப்ப!"

இழுத்தோம். காற்று அடியில் புகுந்து தார்ப்பாயைப் படகுப் பாய் மாதிரி தூக்கியது. மதினி யோசிக்கவே இல்லை, அதன்மேல் குப்புற விழுந்து படுத்துவிட்டார்கள். நான் சுற்றிச் சுற்றி ஓடிக் கல்லை வைத்தேன். கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் துளி முதுகில் விழுந்தது. சரளைக் கல் விழுந்த மாதிரி இருந்தது. இருவரும் களத்தோரச் சரக்கு அறைக்குள் ஓடினோம்.

உள்ளேயிருந்து பார்த்தால், எங்கள் பக்கத்து மூலையில் கல் புரண்டு தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே கால் வைத்தேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இடி விழுகுது. பழத்துக்காகச் சாகப் போறியா? போனாப் போகுது, நில்லு."

நின்றேன். அந்த மூலை நனைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. மேகம் கிழக்கே நகர்ந்துவிட்டது. மேற்கே சரிந்திருந்த சூரியன் மறுபடி வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூடியிருந்ததைப் பார்த்ததும் முகத்தில் நிம்மதி.

"நல்லவேளை, என் பேச்சைக் கேக்காம மூடினே. இனி திறக்காதே. கெழக்க இன்னும் உறுமுது பாரு. காலையில திறந்துக்கிடலாம்."

நான் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டேன். உள்பக்கம் முழுக்கத் துளித் துளியாக வேர்த்திருந்தது. பழம் வெதுவெதுவென்று இருந்தது. மழையில் தப்பியது தார்ப்பாய்க்குள் அவிந்துகொண்டிருந்தது. வெளியே மண் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மண்ணால் காற்றை எழுப்ப முடியாது. சூரியனும் சாய்ந்துவிட்டது. இனி இன்றைக்கு எங்கள் தலைக்கு மேல் இன்னொரு மேகம் கட்டுவது கஷ்டம். ஆனால் அடித்துச் சொல்ல என்னால் முடியுமா? கிழக்கே உறுமியது.

கல்லைத் தூக்கி எறிந்தேன்.

"ஏட்டி! என்ன பண்ணுதே?"

"திறக்கேன். இப்படியே கிடந்தா காலையில சண்டுதான்."

"மறுபடி மழை வந்தா?"

"வந்தா மூடுவோம். மூணு பேர் இருக்கோமே."

அவர் மதினியைப் பார்த்தார். மதினி அதற்குள் மறுமுனையைப் பிடித்துவிட்டார்கள். "என்னைப் பாக்காத தம்பி. இன்னைக்குக் களம் அவ கையில. ஏசணும்னா நாளைக்கு ஏசு. இப்பப் பலகையை எடு."

தார்ப்பாயை உருவினோம். வரப்பிலிருந்து ஆவி கிளம்பியது, மூக்கு எரிய நெடி. நனைந்த மூலைப் பழத்தைத் தனியே அள்ளி ஓலைக் கடகத்தில் போட்டோம். மீதியை, தண்ணீர் தள்ளிவிட்ட அடித் தார்ப்பாயின்மேல் மெல்லிசாகப் பரப்பினோம். வீட்டுக்காரரும் பரப்பினார், மிளகாய்க் கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டு என்னையும் மழையையும் மிளகாயையும் சேர்த்துத் திட்டினார்.

இன்னும் மூன்று காய்ச்சல் ஆனது. சாக்கில் கட்டும் முன்னால் மூவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். மதினியின் பக்கம் ஒரு பிடிகூடச் சண்டு இல்லை. எங்கள் பக்கம் ஒரு கடகம், அந்த மூலையில் நனைந்தது. அதை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டோம்.