இல்லாத மகளுக்கு வைத்த உப்பு

மொன்றியலில் எல்லோரும் ஒரே நாளில்தான் வீடு மாறுகிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜூலை முதலாம் திகதி காலையில் தெருவை எட்டிப் பார்த்தால், வளைந்த இரும்புப் படிகளில் மெத்தைகள் இறங்கிக்கொண்டிருக்கும், அலுமாரிகள் ஏறிக்கொண்டிருக்கும். யாரோ விட்டுப்போன கதிரையில் வேறு யாரோ இருந்து பார்த்து, பிடித்தால் தூக்கிக்கொண்டு போவார்கள். குண்டு விழவில்லை, ஆமி வரவில்லை. வாடகை ஒப்பந்தங்கள் அன்றோடு முடிகின்றன, அவ்வளவுதான். மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த எனக்கு முதல் வருடம் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. சென்ற வருடம் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியானேன், வேடிக்கை பார்க்கிற மனம் அன்றோடு போய்விட்டது. இது நான் பழிவாங்கிய கதை. மன்னித்த கதை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கோட்-டெ-நெய்ஜில், மூன்று தட்டுக் கட்டடம் ஒன்றின் நடுத்தட்டில் இருந்தது. வாடகை வீட்டை எங்கள் வீடு என்று எழுத எனக்குக் கை கூசவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் தவழ்ந்தது அந்தத் தரையில்தான். நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சமையற்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்காரர் வால்ட்டர் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருந்தார். அமெரிக்காவில் பிறந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். மாதம் பிறந்தால் வாடகைக்கு வந்து வாசலில் நின்று, தான் சிறுவனாக இருந்த அமெரிக்காவைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டார். ஒரு கோப்பை காப்பி பத்துச் சதமாம். சோடா ஐந்து சதமாம். ஓர் ஆண் தனியாக உழைத்தே வீடும் காரும் வாங்கி, வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு காருக்குள் இருந்தபடியே திறந்தவெளியில் படம் பார்ப்பானாம். பெண்சாதி வேலைக்குப் போகத் தேவையில்லையாம். புதிய குளிர்சாதனப்பெட்டிக்குப் பக்கத்தில் முத்துமாலையோடு நின்று சிரித்தால் போதுமாம்.

வந்த புதிதில் என் ஆங்கிலம் அரைகுறை. பத்துச் சதத்துக்குக் காப்பி என்று அவர் முதன்முதல் சொன்னபோது, இந்த நகரத்தில் எங்கேயோ மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, எந்தக் கடையில் என்று கேட்டுவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு குழாய் திருத்த வருகிறவனிடமும் சன்னலுக்கு வண்ணம் பூச வருகிறவனிடமும், என்னை வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். வாடகைக்கு இருப்பவள் வேறென்ன செய்வாள்? மனதுக்குள் பதில் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் சதக் கணக்குத்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றதையும் சொல்லியிருக்கிறார். விலையைச் சொன்னவர் வரிசையையும் சேர்த்துச் சொன்னார். வால்ட்டர் வரிசையைச் சொல்லவே இல்லை. அந்தப் பத்துச் சதக் காப்பியை அவருடைய நாட்டின் எத்தனையோ கடைகளில் என் நிறத்துக்காரி ஒருத்தி உட்கார்ந்து குடித்திருக்க முடியாது. கையில் பத்துச் சதம் இருந்தாலும் முடியாது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. படியேறும்போதே மூக்கை உறிஞ்சுவார். நான் கருவாடு பொரித்த நாளாக இருந்தால், கையோடு கொண்டுவந்த வாசனைத் திரவத்தை எங்கள் கதவில் அடித்துவிட்டுத்தான் மணியை அழுத்துவார். மணம் சுவருக்குள் இறங்கிவிடும், பிறகு யாரும் வாடகைக்கு வரமாட்டார்கள் என்பார். மன்னாரில் பிறந்தவளுக்குக் கருவாட்டை விடு என்று சொல்வது மூச்சை விடு என்று சொல்வது போல. இருந்தும் விட்டேன். கண்டவனும் கதவில் மருந்தடித்துப் போக நான் என்ன கரப்பான்பூச்சியா என்று கேட்க வாய் வரவில்லை, ஊரிலிருந்து வந்த கருவாட்டுப் பொதிகளைத் தேவாலயத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் வந்து, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். தன் மகள் மொன்றியலுக்கு வரப்போகிறாள், அவள் குடியிருக்க எங்கள் வீடு தேவை என்றார். சொந்தப் பிள்ளைக்கென்றால் வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பி எடுக்க இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்த்து நின்று, உண்மைதானா என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. மகளுக்கு வீடு என்று ஒரு தகப்பன் சொன்னால் நம் ஆட்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஊரில் பெண்பிள்ளை பிறந்த அன்றே அத்திவாரத்துக்குக் கல் பார்க்கிற சனம் அல்லவா நாங்கள்? என் கணவர் அந்தோனி, "மகளுக்கெண்டால் நாங்கள் என்னண்டு மறிக்கிறது? குடுத்திட்டுப் போவம்" என்றார். நானும் ஓம் என்றேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண் வெறும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று, சுவரெல்லாம் துடைத்து, அடுப்படியில் புதுச் சட்டி ஒன்றில் அரிசியும், பக்கத்தில் உப்பும், கோவிலில் மந்திரித்த மெழுகுதிரியும் வைத்துவிட்டு வந்தேன்.

நகரத்துக்கு வெளியே லவாலில் எங்களுக்குக் கிடைத்தது சாலையோர மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. நடந்து போன வேலைக்கு இப்போது பேருந்தும் மெட்ரோவுமாகப் போகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறினார்கள். சின்னவள் பிரெஞ்சில் அழுதாள், ஏனென்றால் அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் அந்த மொழியில்தான் இருந்தார்கள். எல்லாவற்றையும் அந்த மகளின் பேரில் பொறுத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்யும் சென்னைப் பெண் கவிதா, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பகுதிநேரமாகச் சமையற்கூடத்துக்கு வருபவள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கைத்தொலைபேசியை நீட்டினாள். "அக்கா, அம்மா அப்பா வர்றாங்க. நாலு நாள் தங்க இந்த வீடு எப்படி இருக்கு பாருங்க. பழைய அமெரிக்கா ஸ்டைல்ல பண்ணியிருக்காங்க" என்றாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, இளஞ்சிவப்புக் குளிர்சாதனப்பெட்டி, பளபளக்கும் உலோகக் கதிரைகள், காசு போட்டால் பாடும் பெட்டி. அழகாகத்தான் இருந்தது. படத்தை விரித்துப் பார்த்தபோது கூரையில் ஒரு கொளுக்கி தெரிந்தது. என் பிள்ளைகளுக்கு ஏணை கட்ட அந்தோனி அடித்த கொளுக்கி. அதில் ஒரு விளக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அன்று பின்னேரம் முழுவதும் வெங்காயம் வெட்டினேன், அதனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தோனியிடம் சொன்னேன். அவர் சாந்தமான மனிதர், அதுதான் அவரிடம் எனக்குள்ள பெரிய முறைப்பாடு. "விடும். ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார்.

"ஆண்டவருக்கு ஆயிரம் வேலை. இதை நான் பாக்கிறன்" என்றேன். "காசு உழைக்கத்தான் எங்களை எழுப்பினதெண்டு அந்தாள் தன்ர வாயால சொல்லவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டிக் கருவாடு."

அந்தாள் தானாகச் சொல்லமாட்டார் என்று தெரியும், அதனால் கவிதாவின் பெயரில் ஒரு நாளைக்கு அந்த வீட்டை எடுத்தோம். ஒரு நாளைக்கு வால்ட்டர் வாங்கிய காசில் நான் வந்த புதிதில் இரண்டு கிழமை சீவித்திருப்பேன். எங்கள் ஆட்களிடம் சொல்லி, மன்னாரிலிருந்து வந்த வாளைக் கருவாடும் நெத்தலியும் ஒரு பை நிறையச் சேர்த்துக்கொண்டேன். நடுப்பகலில் கதவில் இலக்கங்களை அழுத்தினோம். உள்ளே போனதும் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. சுவரில், நான் யேசுவின் திருஇருதயப் படம் மாட்டியிருந்த இடத்தில், பத்துச் சதக் காப்பி என்ற விலைப்பலகை. எதிரே, குளிர்சாதனப்பெட்டியைத் திறந்தபடி முத்துமாலையோடு சிரிக்கும் பெண்ணின் விளம்பரம். உருண்டைத் திரைத் தொலைக்காட்சியில் ஒரு தகப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். எங்களை எழுப்பிவிட்டு இவனைக் குடிவைத்திருக்கிறார்.

அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் தரையைப் பார்த்தேன். மூலையெல்லாம் ஊத்தை. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு. தும்புத்தடியைத் தேடி எடுத்துக் கூட்டத் தொடங்கினேன். பிறகு துடைத்தேன்.

கவிதா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அக்கா, பழிவாங்க வந்தீங்களா, பெருக்க வந்தீங்களா?"

"குப்பைக்க நிண்டு சமைக்கேலாது பிள்ளை."

பிறகு சன்னல்களை இறுக மூடினேன். இளஞ்சிவப்புத் திரைகளை இழுத்துவிட்டேன். நெத்தலியை முதலில் போட்டேன், பிறகு வாளை. வருடக்கணக்காகப் பொரிக்காததையெல்லாம் சேர்த்துப் பொரித்தேன். புகை எழுந்து அந்த முத்துமாலைக்காரியின் முகத்தில் படர்ந்தது. சோபாவுக்குப் பக்கத்தில் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன், மணம் துணிக்குள் இறங்கட்டும் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை சந்தோசமாக நான் எந்த நாளும் சமைத்ததில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. வால்ட்டர்தான் என்று அகப்பையோடு போய்த் திறந்தேன். கீழ்த்தட்டில் இருக்கும் மதாம் லூசில், வீட்டுச் செருப்போடு படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கடலோரக் கஸ்பேயில் பிறந்த கிழவி. பொன்ஜூர் என்று சொல்லும் முன்பே என்னைக் கட்டிப்பிடித்தார். படியில் மணம் வந்ததாம், நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்தாராம். அவருடைய ஊரிலும் மீனை உப்பிட்டுக் கரையில் காயவைப்பார்கள். கேட்காமலே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்கள்மேல் எனக்குக் கோபம். லவாலில் பெரிய வீடு வாங்கிக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டீர்கள்" என்றார் பிரெஞ்சில்.

வால்ட்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் என் உடைந்த பிரெஞ்சில், நாங்கள் வீடு வாங்கவில்லை, அவருடைய மகளுக்காக எழுப்பினார் என்றேன். லூசில் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்த மகள்? அவன் கலியாணமே கட்டவில்லை. அவன் தாயை எனக்குத் தெரியும், பேரப்பிள்ளை இல்லையென்று சொல்லிச் சொல்லியே செத்தாள்." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "நீ மறந்துபோன அரிசி என்று ஒரு சட்டி கொண்டுவந்து தந்தான். நான் பால் ஊற்றிக் காய்ச்சிச் சாப்பிட்டேன்" என்றார்.

நான் அதுவரை மகள் வந்திருப்பாள், பிடிக்காமல் போயிருப்பாள், தகப்பன் வீட்டை வீணாக்காமல் வாடகைக்கு விட்டிருப்பார் என்று மனதின் ஒரு மூலையில் அவருக்கு இடம் வைத்திருந்தேன். அந்த மூலையையும் அன்று கூட்டித் துடைத்தேன். இல்லாத ஒரு பெண்ணுக்காக நான் உப்பு வைத்திருக்கிறேன். மெழுகுதிரி வைத்துச் செபமும் சொல்லியிருக்கிறேன். வழக்குப் போடப்போகிறேன், சாட்சி சொல்ல வருவீர்களா என்று லூசிலைக் கேட்டேன். தன் குளியலறைக் குழாய் இரண்டு குளிர்காலமாக ஒழுகுகிறது, அவன் எட்டியும் பார்க்கவில்லை, தன்னால் நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டாவது போ என்றார். பழிக்கு ஆள் சேர்ந்தது.

வாடகை வழக்குகளைக் கேட்கும் மன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டிருந்தேன். இப்போது எனக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். வால்ட்டர் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். கருவாட்டு மணம் போகத் திரைகளையும் சோபாவையும் மாற்றினேன் என்று நீண்ட நேரம் முறையிட்டார். அண்ணை அதை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க எனக்குத் திருப்பலியில் பாட்டுக் கேட்பது போல இருந்தது. லூசில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், குழாயையும் சேர்த்தே சொன்னார். நீதிபதியான பெண்மணி வால்ட்டரைப் பார்த்து, அந்த மகளின் பெயர் என்ன என்று கேட்டார்.

வால்ட்டர் மேசையைப் பார்த்தார். ஒரு பெயரையாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அதற்கும் துணிவில்லை. "எனக்கு மகள் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "வாடகையைவிட அதில் வருமானம் அதிகம்."

அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"விளங்கேல்லை அண்ணை. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார். வால்ட்டர் திரும்பவும் சொன்னார்.

"கொஞ்சம் பலத்துச் சொல்லட்டும். எனக்குக் காது மந்தம்."

அண்ணை அதையும் முகம் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னார், அந்தோனி எனக்குப் பின்னாலிருந்து இருமினார். வால்ட்டர் என்னைப் பார்த்தார். எந்தக் கடையில் என்று கேட்டவளைப் பார்த்துச் சிரித்த அதே முகம், இப்போது கழுத்துவரை சிவந்து, தனக்கு மகள் இல்லை என்று மூன்றாம் தரம் உரத்துச் சொன்னது. இவ்வளவு நாளும் என்னை வைத்து அவர் சொன்ன கதைக்கு அது போதும் என்று பட்டது.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். வீடு திரும்பக் கிடைக்காது, இழப்பீடு வேண்டுமானால் கிடைக்கும் என்று அண்ணை முன்னரே சொல்லியிருந்தார். எழுந்து வெளியே போகும்போது, வாசலருகில் இருந்த எழுதுவினைஞர் தீர்ப்பை அனுப்ப என் விலாசத்தைக் கேட்டார். வெற்றி தலைக்கேறியிருந்த நான் நிமிர்ந்து நின்று, இலக்கத்தையும் தெருவையும் கோட்-டெ-நெய்ஜ் என்பதையும் பிரெஞ்சில் ஒரு பிழையுமில்லாமல் சொன்னேன். அந்தப் பெண் தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். எனக்குப் பின்னால் கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற வால்ட்டர்தான் சொன்னார், கோபமில்லாமல், வழி தவறியவருக்குத் தெரு காட்டுவது போல.

"இல்லை. அவர் இப்போது அங்கே குடியிருக்கவில்லை."

அதை நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.