சாச்சாவின் மொரிஸுக்கு ஒரு டாஷ்போட்

சுனாமி எங்கள் சாச்சாவைக் கொண்டுபோனது. அவருடைய கறுப்பு மொரிஸ் மைனரை மட்டும் மூன்று வளவு தள்ளி ஒரு மதிலில் மோதவிட்டுப் போனது. எனக்கு அப்போது எட்டு வயது. சாச்சி என் உம்மாவின் தங்கை. புருஷனுக்காக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்த காலத்தில் அவர் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. இத்தா முடிந்த மறுநாள் சாச்சியின் அண்ணன், என் மாமா, பழைய இரும்பு எடுப்பவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் சாச்சி வாயைத் திறந்தார்.

“வண்டியத் தொடவேணாம் காக்கா. அது ஓடும்.”

“ஆரு ஓட்டுற?”

“நான்தான்.”

மாமா சிரித்தார். இரும்புக்காரரும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், சாச்சி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கராஜ்காரர் எஞ்சினைப் பிரித்துக் கழுவி உயிர் கொடுத்துவிட்டார். டாஷ்போட்தான் தகராறு. மதில் இடித்ததில் மடங்கியிருந்த தகட்டை உப்பு தின்றுவிட்டது. விரல் வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. பலகையில் ஒன்று அடித்துத் தருவதாகச் சொன்னார்.

“இரும்பு இருந்த இடத்துல இரும்புதான் வேணும்,” என்றார் சாச்சி.

தம்பிலுவிலில் ஒரு வளவில் அதே மாதிரி வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டதும் புறப்பட்டுவிட்டார். தமிழ் ஊர், வழியெல்லாம் சோதனைச்சாவடி, ஆண் துணை வேண்டாமா என்று மாமா குதித்தார். சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். ஓர் ஆண் துணைக்குச் சிறுமி நான் சமம் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வீட்டில் பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா இருந்தார். யாரோ பிடித்துக்கொண்டு போன அவருடைய புருஷன் பதினைந்து வருடமாகத் திரும்பவில்லை. அவருடைய நீல மொரிஸ் கொட்டிலுக்குள் அப்படியே நின்றது. எத்தனையோ பேர் வந்து கேட்டும் அவர் ஓர் ஆணியைக்கூடக் கொடுக்கவில்லையாம். சாச்சி கெஞ்சவில்லை. சாச்சாவைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அந்த அம்மா உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, தானே முதல் ஆணியைக் கழற்றினார்.

“அவர் வந்து கேட்டா, ஆரிட்டக் குடுத்தனான் எண்டு சொல்ல வேணும், தங்கச்சி. உங்கட பேரையும் ஊரையும் எழுதித் தந்திட்டுப் போங்க.”

“வந்தா உடனே சொல்லியனுப்புங்க. நானே கழட்டிக் கொண்டுவந்து தாறன்.”

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் டாஷ்போட்டைச் சுற்றியிருந்த சாக்கை அவிழ்க்க வைத்தார்கள். சிப்பாய் தகட்டைத் தட்டிப் பார்த்து, எதற்கு என்று கேட்டான். “மகே கார் எகட்ட,” என்றார் சாச்சி. என் காருக்கு. அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அதை அவனுடைய அதிகாரியிடமும் அதே குரலில் சொன்னார்.

கறுப்பு வண்டிக்குள் நீல டாஷ்போட் அசிங்கம், பெயின்ட் அடி என்றார் மாமா. சாச்சி கேட்கவில்லை. முதன்முதலாக வண்டியை எடுத்த அன்று மாமா கையை விரித்துக்கொண்டு கேற்றில் நின்றார். சாச்சி ஹோர்ன் அடித்தார். மாமா அசையவில்லை. வண்டி அசைந்தது. பிறகு மாமாவும் அசைந்தார். கடைத்தெருவே திரும்பிப் பார்க்க, முன் ஆசனத்தில் நான் ராணி மாதிரிப் போனேன்.

எனக்கு இருந்தது ஒரே பயம்தான்: அந்த அம்மாவின் புருஷன் வந்து டாஷ்போட்டைக் கேட்டால்? அறியாத ஆண்கள் வண்டிப் பக்கம் வந்தாலே ஓடிப்போய்க் கதவை மறித்து நிற்பேன். சாச்சியோ வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் கையேந்தி, அந்த மனிசன் சுகமாக வீடு வந்து சேரவேண்டும் என்று துஆ கேட்பார். அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. இத்தனை பேரை எதிர்த்துக் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுக்க இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்குக் கோபம் பொங்கும்.

“ஆமீன் சொல்லு புள்ள,” என்பார்.

நான் சொல்லவே இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.